தபால்தலையில் வேறு முகம்

ஐப்பசி பிறந்தும் மழை பிடிக்கவில்லை. காலையில் கறுக்கும் வானம் மதியத்துக்குள் வெளுத்துப்போய் ஊரை ஏய்த்துக்கொண்டிருந்தது. இளையாத்தங்குடிப் பக்கம் ரெண்டு உழவு மழை இறங்கியிருக்கிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். முத்தரசுவின் ஊர்க் கண்மாயில் எருமைகள் புரண்ட சகதி நடுவில் கொஞ்சம் கிடந்ததோடு சரி. புழுதியில் தூவிய நெல் அப்படியே மண்ணுக்குள் கிடந்தது.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவன் மகள் கீர்த்தியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

முத்தரசுவின் மனைவி பொன்னழகு விடியலிலேயே எழுந்து, வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப்போட்டிருந்த பச்சரிசியையும் உளுந்தையும் ஆட்டி எடுத்தாள். மிளகாய்ச் சட்னியை மட்டும் மகளிடம் தள்ளிவிட்டாள்.

"நீ அரைச்சுரு கீர்த்தி. எனக்குக் கையி காந்தும்."

அவள் விரல் இடுக்குகளில் சுண்ணாம்பு தின்ற புண் இருந்தது. தேங்காயெண்ணெய் தடவி மேலே மஞ்சளைப் பூசியிருந்தாள். விருந்தாளி வந்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள அவள் பழகிப்போயிருந்தாள்.

அந்த வீட்டுக்கு ஊரில் அம்பலார் வீடு என்று பேர். முத்தரசுவின் அப்பா சின்னக்கருப்பு அம்பலம் இருந்த காலத்தில் வழக்கு வம்பென்றால் அந்த வாசலுக்குத்தான் வருவார்கள். அவர் போனபிறகும் கோயில் மரியாதை அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, விளைச்சல்தான் வரவில்லை. ஆழ்குழாய் போட்ட இடத்தில் பாறைத்தூள் பறந்ததே தவிர ஈரம் தட்டவில்லை. கண்மாய் பெருகிய வருஷம் சோறு, பெருகாத வருஷம் ரேஷன் அரிசி என்று ஆனது.

கீர்த்தி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் பொன்னழகு சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்ட ஓட்டலா மாத்துறாகளாம். பழைய முறையில சுண்ணாம்புச் சாந்து பூசுறாக. சித்தாள் வேணும்னாக. நாளையிலருந்து போறேன்."

கேட்கிற தோரணையில் அவள் சொல்லவில்லை. முத்தரசு கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தான். வேண்டாமென்று சொல்ல அவனிடம் வேறு வழி எதுவும் இல்லை. கடைசியில், "ஊருக்குள்ள ஓட்டல்ல மேற்பார்வை வேலைன்னு சொல்லிக்கிருவோம்" என்றான்.

"என்னமும் சொல்லிக்கங்க" என்று அவள் ரசத்தை ஊற்றினாள்.

அன்றிலிருந்து காலைப் பஸ்ஸுக்கு மடிப்புக் கலையாத சேலையில் போவாள். கானாடுகாத்தானில் இறங்கியதும் பழைய சேலைக்கு மாறி, அதற்குமேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வாள். சாந்து வழிந்தால் உடம்பு வெந்துவிடும் என்று சித்தாள்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். முத்தரசுவின் நீலக்கட்டம் போட்ட சட்டை ஒன்று, பாக்கெட் கிழிந்தது, அவளோடு போய் வந்துகொண்டிருந்தது. கொடியில் அது காயும்போது பார்ப்பான். அதைப் போட்டுக்கொண்டு அவள் நிற்கிற கோலத்தை மட்டும் அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் சிங்கம்புணரிப் பக்கத்துக்காரர்கள். மாப்பிள்ளைப் பையன் கண்ணன் மின்வாரியத்தில் வேலை பார்த்தான். அதிகம் பேசாத பிள்ளை. அவன் அம்மா வெயிலில் காய்ந்து கறுத்த, எலும்பு தெரிகிற மனுஷி. பேச்சையெல்லாம் தாய்மாமன்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"அம்பலார் வீட்டுச் சம்பந்தம்னா எங்களுக்கும் ஒரு இதுதானய்யா. எங்க ஊருலயே உங்கப்பாருக்குத் தெரிஞ்ச ஆளுக இருக்காக."

"இருப்பாக, இருப்பாக. அப்பா போகாத ஊரு உண்டா?"

"சம்பந்தியம்மா கானாடுகாத்தான் ஓட்டல்ல இருக்காகளாமே?"

"ஆமா. மேற்பார்வை" என்ற முத்தரசு அதோடு நிறுத்தியிருக்கலாம். "பத்துப் பதினஞ்சு ஆளுக இவளுக்குக் கீழ வேலை பாக்குறாக. இவ போகலைன்னா அங்க ஒண்ணும் நடக்காது."

உள்ளே பணியாரச் சட்டியில் எண்ணெய் சத்தமிட்டது. பொன்னழகு வெளியே வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அடுப்படிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பணியாரத்தைப் பிட்டு சட்னியில் தொட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஊர்த் தபால்காரர் சேவுகன். அவருக்குப் பின்னால் காரைக்குடித் தபால் ஆபீஸ் அதிகாரி ஒருவரும், தோளில் பையும் கண்ணாடியுமாக ஒரு பெண்ணும் வந்தார்கள்.

"முத்தரசண்ணே, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்" என்று சேவுகன் செருப்பைக் கழற்றினார். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், "அடடே, விருந்தாளுகளா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு" என்றார்.

அதிகாரி கைகூப்பினார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். நம்ம நாடு குடியரசாகி எழுபத்தஞ்சு வருஷம் ஆகுது இல்லங்களா, அதுக்காகத் தபால்தலை வரிசை ஒண்ணு வெளியிடுறாங்க. உழைக்கிறவங்கள வச்சு. ஒரு தலையில நெசவு, ஒண்ணுல மீன்பிடி, ஒண்ணுல கட்டட வேலை. இவங்க ரேணுகா. மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்க. தபால்தலை வரையிற ஓவியர்."

ரேணுகா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். முகம் கொள்ளாத சந்தோஷம். "ஆடி மாசம் கானாடுகாத்தான் வந்திருந்தேன் சார். அங்க ஒரு பழைய வீட்டுல வேலை நடந்துட்டிருந்துச்சு. நிறையப் பேரைப் படமெடுத்தேன், பேர் கேட்டு வைக்காம விட்டுட்டேன். அதுல ஒண்ண வச்சு வரைஞ்சது இது. டெல்லியில இதைத்தான் தேர்வு பண்ணியிருக்காங்க."

அவள் அட்டையைத் திருப்பினாள்.

தபால்தலையைப் பெரிதாக்கி அச்சடித்த படம். சுற்றிலும் பல்வெட்டு ஓரம். மேல் மூலையில் இந்தியா என்ற எழுத்து, கீழே ஐந்து ரூபாய். நடுவில் ஈரம் உலராத வெள்ளைச் சுவரும் சாரக்கம்பும். சாரத்தில் ஒரு காலும் பலகையில் ஒரு காலுமாக ஒரு பெண். தலையில் சும்மாடு, அதன்மேல் சாந்துச் சட்டி. ஒரு கையைத் தூக்கிச் சட்டியைப் பிடித்தபடி, யாரோ கீழேயிருந்து கேலி பேசியதற்குத் திரும்பிச் சிரிக்கிறாள். கன்னத்தில் சுண்ணாம்புத் தீற்றல். மேலே நீலக்கட்டச் சட்டை.

முத்தரசு முதலில் சட்டையைத்தான் பார்த்தான். கிழிந்த பாக்கெட்டைக்கூட ரேணுகா விடாமல் வரைந்திருந்தாள். அப்புறம்தான் சிரிப்பைப் பார்த்தான். பொன்னழகு அப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"உயிரோட இருக்கிறவங்களப் பாத்து வரைஞ்சதால அவங்க சம்மதம் இல்லாம அச்சுக்குப் போகாது" என்றார் அதிகாரி. "அங்க கொத்தனாரு இந்த ஊருன்னு மட்டும் சொன்னாரு. ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுல இருப்பாங்கன்னாரு. சேவுகன்கிட்டப் படத்தக் காட்டினதும் நேரா இங்க கூட்டிட்டு வந்துட்டாரு. உங்க வீட்டம்மாதானே?"

தாய்மாமன் எழுந்து வந்து படத்தை எட்டிப் பார்த்தார். கண்ணனும் பார்த்தான். பத்துப் பதினைந்து ஆள் கீழே வேலை பார்க்கிறார்கள் என்று சொன்ன வாயின் ஈரம்கூட முத்தரசுவுக்குக் காயவில்லை.

"இது எங்க வீட்டுப் பொம்பளை இல்லீங்க" என்றான்.

சேவுகன் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல சார், கொத்தனாரு..." என்று தொடங்கினார் அதிகாரி.

"எந்தக் கொத்தனாரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல யாரும் சாந்துச் சட்டி தூக்கப் போகலை. இந்த வீடு எப்பேர்ப்பட்ட வீடுன்னு விசாரிச்சுப்புட்டு வந்திருக்கணும் நீங்க. வேற யாரையாச்சும் பாத்துட்டு இங்குட்டு வந்துட்டீக."

அப்போதுதான் பொன்னழகு காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ரேணுகா அவள் முகத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "இது நீங்கதானேக்கா?"

பொன்னழகு புருஷனைப் பார்க்கவில்லை. கதவோரம் பட்டுச்சேலையில் நின்ற மகளைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைக்காமலே படத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"இல்லம்மா. நான் இல்ல" என்றாள். பிறகு, "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று தட்டை நீட்டினாள்.

டம்ளரை எடுத்த ரேணுகாவின் கண் அந்தக் கையில் விழுந்தது. மஞ்சளுக்கு அடியில் வெடித்திருந்த விரல்களைப் பார்த்தபின் அவள் வேறொன்றும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, அட்டையைப் பைக்குள் வைத்து, "வரேங்க்கா" என்று எழுந்துகொண்டாள்.

ஜீப் போனதும் தாய்மாமன்தான் கலகலப்பாக்கினார். "இப்படித்தான்யா, ஆபீஸருங்க ஒரு வீட்டுக்கு வாரதுன்னு இன்னொரு வீட்டுக்கு வருவாக" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பொன்னழகு கத்துவாள், அழுவாள், பாத்திரத்தையாவது போட்டு உடைப்பாள் என்று முத்தரசு அன்று முழுவதும் காத்திருந்தான். அவள் மிச்சப் பணியாரத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினாள். மாட்டுக்குக் கழனித்தண்ணி வைத்தாள். அவனுக்குச் சோறு போட்டு, வழக்கம்போல மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் கொல்லைக்குப் போனவன் கொடியில் நீலக்கட்டச் சட்டையைப் பார்த்தான். சோப்புப் போட்டுத் துவைத்து, கிழிந்த பாக்கெட்டைத் தைத்து, கஞ்சி போட்டுக் காயப்போட்டிருந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அது வீட்டிலேயே இருந்தது.

"சட்டை எடுத்துட்டுப் போகலையா?" என்று கேட்டான்.

"மலையம்மாக்கா ஒண்ணு குடுத்துச்சு. அவுக வீட்டுக்காரரு போட்டது. ஆளு போயி எத்தனையோ வருசமாச்சு, சட்டை கெட்டியாத்தான் இருக்கு" என்றாள் பொன்னழகு.

மலையம்மாள் பக்கத்துக் குடியிருப்புக்காரி. அவளும் அதே வேலைக்குத்தான் போனாள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊர்த் திருவிழாவில் அம்பலார் வீட்டுக்காரர்கள் வந்தால் அந்தக் குடியிருப்புக்காரர்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். செத்துப்போன அந்த ஆளின் சட்டை தன் பெண்டாட்டி உடம்பில் கிடக்கிறது என்று நினைத்ததும் முத்தரசுவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் சட்டையைவிட அது அவளுக்குத் தோதாகிவிட்டதே என்பதுதான் அதைவிட உறுத்தியது.

அந்த வாரமே மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. விதைத்த நெல் முளைகட்டியதைப் பார்த்துவிட்டு முத்தரசு வயலிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டுக்கு ஏறி, வந்த பஸ்ஸில் கானாடுகாத்தானுக்கு டிக்கெட் எடுத்தான்.

அவள் வேலை பார்க்கிற இடத்துக்கு அவன் அதுவரை வந்ததில்லை. தெருவைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது அந்த வீடு. பின்கட்டில் தகரக் கொட்டகைக்கு அடியில் சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்தார்கள். சாந்தில் சேர்க்கிற கடுக்காய்த் தண்ணீரின் வாடையும் கருப்பட்டி வாடையும் கலந்து வந்தன. மழைக்குச் சாரத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பெண்கள் வரிசையாகச் சட்டி தூக்கி ஏறினார்கள். பொன்னழகு பழுப்பேறிய வெள்ளைச் சட்டையில் இருந்தாள். ஈரப் பலகையில் கால் பெருவிரலை ஊன்றி ஏறினாள். மேலே போய்ச் சட்டியைக் கொத்தனார் கையில் சாய்த்துக் கொடுத்துவிட்டு, வெறும் சட்டியோடு இறங்கினாள். மறுபடி ஏறினாள். இந்த உடம்போடுதான் சாயங்காலம் வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தூணோரம் ஒதுங்கி நின்றான்.

"வாங்க சார்."

திரும்பினான். ரேணுகா. மடியில் வரைதாளோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவன் எதற்கு வந்தானோ அது அவளைப் பார்த்ததும் வாய்க்கு வந்துவிட்டது.

"அம்மா, அன்னைக்கு வீட்டுல ஆளுக இருந்தாக. அதான்... அது அவதான். படத்துல இருக்கது என் வீட்டுக்காரிதான். நீங்க போட்டுக்கங்க. நான் வேணா கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"எனக்குத் தெரியும் சார்." அவள் குரலில் கோபம் இல்லை. "மறுநாளே இங்க வந்து அக்காவப் பாத்துட்டேன். உங்க கையெழுத்தால ஆகாது. அவங்கதான் போடணும். மாட்டேன்னுட்டாங்க."

பொன்னழகு சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். அவனை அங்கே பார்த்ததில் அவள் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"மழையில எதுக்கு வந்தீக?"

"படத்தப் போடட்டும் பொன்னழகு. நான்தான் அன்னைக்குப் புத்தி கெட்டுச் சொல்லிப்புட்டேன்."

"நீங்க சொன்னீக. நானும்தான் சொன்னேன், நான் இல்லன்னு. அத்தனை பேரு முன்னாடி சொல்லியாச்சு. நாளைக்கே அந்தத் தலை வந்து, சம்பந்தக்காரவுக கையில கிடைச்சா, தாயும் தகப்பனும் சேந்து பொய் சொன்னாகன்னுல்ல ஆகும்? கீர்த்தி அங்க போயி வாழ வேணாமா?" அவள் சும்மாட்டைத் திரும்பச் சுருட்டினாள். "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். மலையம்மாக்கா முகத்தப் போடச் சொல்லிட்டேன். உங்க சட்டையையும் எடுத்துரச் சொல்லிட்டேன். உங்களுக்கு ஒரு சங்கடமும் இருக்காது."

ரேணுகா குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டாள். அதில் அதே சுவரும் அதே சாரமும் இருந்தன. அதே தூக்கிய கை. முகம்மட்டும் பென்சில் கோட்டில் பாதி வளர்ந்திருந்தது. எதிரே, வெற்றிலைக் கறைப் பல்லோடு மலையம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முத்தரசுவைப் பார்த்ததும் பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா, பாதியில எந்திரிக்கக் கூடாது" என்றாள் ரேணுகா.

"அய்யா வந்திருக்காக தாயி, எப்படி உக்காருறது?"

அவள் உட்காரவேண்டுமானால் தான் போகவேண்டும் என்று முத்தரசுவுக்குப் புரிந்தது. மழையிலேயே இறங்கி நடந்தான்.

பேச்சுவார்த்தை முடிந்து பூ வைத்தபிறகு, கார்த்திகையில் ஒருநாள், மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த இடத்துக்குக் கீர்த்தி வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீக."

"சொல்லு."

"அந்தப் படத்துல இருந்தது எங்கம்மாதான்னு நான் அவுககிட்டச் சொல்லிட்டேன். போன்ல."

முத்தரசு வைக்கோலைக் கீழே போட்டான்.

"என்னான்னு சொன்னாரு மாப்பிள்ளை?"

"தெரியும்னாரு. அன்னைக்குப் பாத்த ஒடனேயே எல்லாருக்கும் தெரியும்னாரு. அவுக மாமாவுக்குந்தான்." கீர்த்தி வைக்கோல் கூளத்தைக் காலால் ஒதுக்கினாள். "அவுக அம்மாவும் பத்து வருசமா வரப்பு வெட்டப் போறவுகதானாம்ப்பா. நம்ம அம்மா கையப் பாத்துத்தான் அடுப்படிக்கு எந்திரிச்சு வந்தாகளாம், ஏதாச்சும் பேசலாம்னு. என்ன பேசுறதுன்னு தெரியாம கையக் கழுவிட்டுப் போயிட்டாகளாம். 'மனுசன் சபையில வாய் தவறிட்டாரு, நாமளும் கண்டுக்கிட்டதாக் காட்டினா அந்தப் பொம்பளைக்குத்தான் இன்னும் கஷ்டம்'னு வண்டியில போகும்போது சொன்னாகளாம்."

"அப்ப பொண்ணு பிடிச்சிருக்குன்னது?"

"அது பிடிச்சிருந்துச்சு, சொன்னாக."

மகள் போய்விட்டாள். முத்தரசு மாட்டுத்தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் ஒருத்தன் நம்புவதற்காக அத்தனை பேரும் அன்று பொய் பேசியிருக்கிறார்கள். 'ஒரு வீட்டுக்கு வாரதுன்னு இன்னொரு வீட்டுக்கு வருவாக' என்று தாய்மாமன் சிரித்தாரே, அந்தச் சிரிப்பும் அவனுக்காகத்தான். யாரிடமிருந்து மறைக்கவேண்டுமென்று அவளை இல்லையென்றானோ, எல்லாம் தெரிந்த அவர்கள் முகத்துக்கு நேரே வைத்துத்தான் இல்லையென்றிருக்கிறான்.

ஓடிப்போய்ப் பொன்னழகிடம் சொன்னான். இனி பயமில்லை, உன் படத்தையே போடச் சொல்லலாம் என்றான். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அச்சுக்குப் போயிருச்சாம். ரேணுகா போன் பண்ணுச்சு" என்றாள். "போகாட்டியும் மாத்தச் சொல்ல மாட்டேன். மலையம்மாக்கா பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கிட்டுத் திரியுது. அதுகிட்டப் போயி குடுத்ததத் திருப்பிக் கேக்கச் சொல்றீகளா?"

தை மாதம், குடியரசு தினத்தன்று காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. சேவுகன் வீட்டுக்கு வந்து பொன்னழகிடம்தான் அழைப்பைக் கொடுத்தார். முத்தரசுவைப் பார்த்து, "நீங்களும் வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் அவனிடம் அதற்குமேல் பேசுவதில்லை.

பொன்னழகு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முத்தரசு கடைசியில், மின்விசிறி ஓடாத மூலையில் இடம்பிடித்தான். மேடையில் அதிகாரிகளுக்கு நடுவில் மலையம்மாள், கரும்பச்சைச் சேலையில், நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சேலை பொன்னழகு கட்டுகிற சேலை என்பது முத்தரசுவுக்குத் தெரிந்தது. பட்டுத் துணியை விலக்கிப் பெரிதாக்கிய தபால்தலையைக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். புதுத் தலை ஒட்டிய முதல்நாள் உறையில் அன்றைய தேதியோடு சிறப்பு முத்திரை குத்தி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். உழைக்கிற தாயின் முகம்தான் நாட்டின் முகம் என்று ஒருவர் பேசினார். மலையம்மாளைப் பேசச் சொன்னார்கள். அவள் ஒலிபெருக்கியைப் பார்த்து மிரண்டு, பிறகு கீழே பொன்னழகைத் தேடிக் கண்டுபிடித்து, "நான் என்னத்த பேச, ஆத்தா?" என்று கேட்டாள். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். பொன்னழகுதான் ரொம்ப நேரம் தட்டினாள். வெடித்த கையை மறைக்காமல், தலைக்குமேல் தூக்கித் தட்டினாள்.

பங்குனியில் கல்யாணம். தூரத்துச் சொந்தங்களுக்குப் பத்திரிகை அனுப்பத் தபால்தலை வேண்டும் என்று முத்தரசு காரைக்குடிக்குப் போனான். கவுண்டரில் அந்த வரிசையையே கொடுத்தார்கள். வேறு கேட்க வாய் வரவில்லை. வீட்டில் பொன்னழகு உறைகளைப் பிரித்து அடுக்க, கீர்த்தி முகவரி எழுத, அவன் பசை தடவி ஒட்டினான். ஒவ்வோர் உறையிலும் மலையம்மாள் சாந்துச் சட்டியோடு சிரித்தாள். ஒவ்வொன்றையும் அவன் கட்டைவிரலால் அழுத்திவிடவேண்டியிருந்தது.

"நேரா ஒட்டுங்க. தலை சாயுது பாருங்க" என்றாள் பொன்னழகு.

கீர்த்தி தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் அவன் கேட்டான். "என் மேல உனக்குக் கோவமே இல்லையா?"

அவள் அடுத்த உறையை எடுத்து வைத்தாள். "நீங்க இல்லன்னு சொன்னப்ப ஒண்ணும் தோணலை. ஆம்பளை, வறட்டுக் கௌரவம், சொல்லிட்டீகன்னு விட்டுட்டேன். அந்தப் பொண்ணு என்னயக் கேட்டு, நானே என் வாயால நான் இல்லன்னேன் பாருங்க, அதுதான். சாரத்துல நிக்கும்போது சில நேரம் அது ஞாபகம் வந்துருது. கால் நடுங்குது."

அவன் கையில் பசை காய்ந்தது.

கடைசியில் ஒரு பத்திரிகை மிஞ்சியது. உறையில் மலையம்மாள் என்று எழுதியிருந்தது.

"இது நேர்ல வைக்கணும்" என்றாள் பொன்னழகு. "வெத்திலை பாக்கு தேங்கா வச்சு, தாம்பாளத்தோட."

"சரி. சாயங்காலம் ரெண்டு பேரும் போவோம்."

"நான் வரலை. நீங்க போங்க."

அம்பலார் வீட்டிலிருந்து அந்தக் குடியிருப்புக்குத் தாம்பாளம் ஏந்திப் போனவர்கள் கிடையாது. விசேஷமென்றால் ஆள்விட்டுச் சொல்வதோடு சரி. பொழுது சாயும் நேரத்தில் முத்தரசு தெருவில் நடந்தபோது வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்று, இவர் எங்கே போகிறார் என்று பார்த்தார்கள். மலையம்மாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தைப் பார்த்ததும் ஈரக் கையோடு நின்றுவிட்டாள்.

"அய்யா, சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"கீர்த்தி கல்யாணம். நீங்க வந்து முன்னால நிக்கணும்" என்றான். நீங்க என்று சொன்னது அவனுக்கே புதிதாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். அங்கே முதல்நாள் உறையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். அவசரமாக அடுப்பை மூட்டி, பாலில்லாத தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது. அவன் எட்டி வாங்கிக்கொண்டான். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் குடித்தான்.

மலையம்மாளுக்குப் பேச்சு வந்துவிட்டது. எதிரே தரையில் குத்தவைத்துக்கொண்டாள்.

"சேவுகன் தம்பி ஒரு சேதி சொன்னாருங்கய்யா. தபால்ல போற எல்லாத் தலையிலயும் கறுப்பு மையில முத்திரை குத்துவாகளாம். மூஞ்சியிலயே விழுமாம். எனக்குச் சிரிப்பாணியா வந்துருச்சு. குத்திட்டுப் போறாக, நான் என்ன தேஞ்சா போயிருவேன்?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த வரையிற பொண்ணு என்கிட்ட ரொம்ப நேரம் கேட்டுச்சு, பொன்னழகு அக்கா ஏன் மாட்டேங்குறாங்கன்னு. நான் சொன்னேன், தாயி, அவுக அம்பலார் வீட்டுப் பொம்பளை. அவுக வீட்டய்யா அவுகள அப்படி வச்சுப் பாத்துக்கிறாரு. கண்ட கையும் படுற தபால்ல, கறுப்பு மை குத்துற எடத்துல, பொண்டாட்டி மூஞ்சியப் போட அவருக்கு மனசு வருமான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசலை." அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சரியாத்தானங்கய்யா சொன்னேன்?"

டம்ளரில் இன்னும் ஒரு வாய் இருந்தது. முத்தரசு அதைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.